லீலா மைனியின் பெட்டிகள்

நவம்பர் 9, சனி

ஒரு வாரம் அடித்த மழை இன்று விட்டது. சர்ச் கல்லறைச் சுவருக்குப் பின்னால் நிற்கிற பலாவில் தேனீக் கூட்டம் ஒன்று தொங்குகிறது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். போய்ப் பிடித்தேன். நல்ல கனமான கூட்டம். பிடிக்க வராத பெண்கள் நாலு பேர் தூர நின்று, "ரோஸ்லெட் அக்காவுக்குக் கொட்டாதாக்கும்" என்று பேசிக்கொண்டார்கள். கொட்டத்தான் செய்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எங்கிருந்தோ வந்த கூட்டத்தை ஒரு மாதமாவது மற்றப் பெட்டிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். தேனீ வளர்ப்புச் சங்கத்தின் பயிற்சி வகுப்பில் வருஷா வருஷம் நான் சொல்வதுதான் இது. வீட்டு முற்றத்தில் வைக்கலாம் என்றால், ஸ்கூல் வேன் நிறுத்துகிற இடம், பிள்ளைகள் ஏறி இறங்குகிற நேரத்தில் வம்பு என்று என் வீட்டுக்காரர் டென்னிசன் சொல்லிவிட்டார். அவர் வேன், அவர் பயம். என் மற்றப் பெட்டிகள் இருக்கிற ரப்பர் எஸ்டேட்டுக்கே கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தேன். இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா, எது நோஞ்சான் எது திடம் என்று. திடமான கூட்டம்.

திரும்பும்போது ஓடைக்கு மேலே லீலா மைனி தன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஆராதனையில் லீலா மைனி எனக்கு முந்தின பெஞ்சில். புதுச் சேலை. போன வருஷம் எஸ்டேட் மேல்சரிவு அவளுக்குக் கிடைத்ததிலிருந்து நடையே மாறிவிட்டது. ஓடைக்கு மேலே, காலை வெயில் விழுகிற சரிவு அது. ஆறு வருஷம் அங்கே என் பெட்டிகள்தான் இருந்தன. முதலாளியின் வீட்டுக்காரிக்கு இரண்டு பாட்டில் மலைத்தேன் கொண்டுபோய்க் கொடுத்து, பாயும் தலையணையும் போல ஒட்டிக்கொண்டு, சரிவை வாங்கிவிட்டாள். எஸ்டேட் சூப்பர்வைசர் சுகுமாரன் என்னிடம் வந்து, "முதலாளியம்மா சொல்லிட்டாங்க, நீங்க கீழே வெச்சுக்கிடுங்க" என்றார். கீழே ஈரம்.

என் பெரியப்பா மகன் எட்வின் அண்ணன் பெண்டாட்டி அவள். அண்ணன் போன பிறகு அவர் பெட்டிகளை விடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரு காலத்தில் நானே பெருமையாகச் சொன்னதுண்டு.

நவம்பர் 26, செவ்வாய்

புதுக் கூட்டம் விறுவிறுவென்று அடை கட்டுகிறது. அதிலிருந்து முட்டை உள்ள அடைகளாகப் பார்த்து எடுத்து, வலு குறைந்த பெட்டிகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பிப்ரவரியில் ரப்பர் தளிர் விட்டு அதில் தேன் ஊறும்போது எல்லாப் பெட்டியும் நிறைந்து நிற்க வேண்டும். மேல்சரிவு இல்லாமலே அவளைவிட அதிகமாக எடுத்துக் காட்ட வேண்டும்.

டென்னிசனின் ஷர்ட் இரண்டு தைக்கக் கொடுத்தேன். மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது.

டிசம்பர் 4, புதன்

மூன்று பெட்டியில் சுறுசுறுப்பு இல்லை. திறந்து பார்த்தேன். அடைக்குள் ஈயாக வளர்கிற புழு கொஞ்சம் செத்துக் கிடக்கிறது. மழைக்குளிர் பட்டிருக்கும்.

டிசம்பர் 9, திங்கள்

ஒரு பெட்டி காலி. ராணியும் இல்லை, ஈயும் இல்லை, அடை மட்டும் நிற்கிறது. பக்கத்துப் பெட்டியிலும் பாதிதான் மிச்சம். வாசலில் செத்த ஈக்கள் குவிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். பூச்சிமருந்து பட்டால் அப்படித்தான் கிடக்கும், நாக்கை நீட்டிக்கொண்டு. ஒன்றுகூட இல்லை. எறும்பு இழுத்துப் போயிருக்கும். இந்தக் காட்டில் எறும்புக்கா பஞ்சம்.

திரும்பி வரும் வழியில் யோசித்தேன். ஓடைக்கு மேலே ஒரு பெட்டியும் காலியாகவில்லை. அவள் பெட்டி வாசல்களில் ஈ போவதும் வருவதுமாகத் திருவிழாக் கூட்டம். கீழே மட்டும் சாவு. ஒரே காடு, ஒரே காற்று, ஒரே தண்ணீர். அதெப்படி?

டிசம்பர் 12, வியாழன்

இன்று கண்ணால் பார்த்தேன்.

ரப்பர் பால் எடுப்பவர்கள் வேலை முடித்துப் போன பிறகு நான் போவதுதான் வழக்கம். இன்று சீக்கிரம் போனேன். லீலா மைனி என் வரிசையில் குனிந்து நிற்கிறாள். கையில் பிளாஸ்டிக் கவர். பெட்டி வாசலுக்குக் கீழே தரையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். நான் செருமியதும் நிமிர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மைனி, வழி தெத்திப் போச்சா?" என்றேன்.

"பிள்ளே, நானே உன்கிட்ட வரணும்னு நெனச்சேன். உனக்க பெட்டி..."

"எனக்க பெட்டியை நான் பாத்துக்கிடுவேன். நீங்க உங்க சரிவுல நில்லுங்க."

கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். தப்புச் செய்யாதவள் எதற்குக் கவரை மறைக்க வேண்டும்?

டிசம்பர் 15, ஞாயிறு

பெட்டிகளைச் சுற்றித் தரையில் வெள்ளைப் பொடி! அங்கங்கே கைப்பிடி கைப்பிடியாகத் தூவியிருக்கிறது. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டென்னிசன் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு போலல்லா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு வேன் தெரியும். மருந்து தெரியுமா?"

"வெத்திலை போடுகவனுக்குச் சுண்ணாம்பு தெரியாதா, ரோஸ்லெட்டு?"

இவர் எப்போதும் அந்தப் பக்கம்தான். எட்வின் அண்ணனோடு சேர்ந்து பந்து விளையாடியவர். அந்த வீட்டு மேல் ஒரு ஈரம் இருக்கத்தான் செய்யும். பொடியை அலமாரியில் பத்திரமாக வைத்தேன். இனி வேனை எங்கே நிறுத்துகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். போன வாரம் அவள் வீட்டு முக்கில் நின்றதாகக் கேள்வி.

டிசம்பர் 18, புதன்

இன்னும் இரண்டு பெட்டி போயிற்று. மிச்சமிருக்கிற நோஞ்சான்களைக் காப்பாற்ற அடை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல பெட்டியிலிருந்து எடுத்து மோசமானதற்கு, மோசமானதிலிருந்து எடுத்து நல்லதற்கு. இடுப்பு ஒடிகிறது. ஒரே கத்தி, ஒரே கை, விடிந்தால் அடைந்தால் இதே வேலை.

செத்த புழுக்கள் அடையின் அறைக்குள் மல்லாந்து, தலையைத் தூக்கிக்கொண்டு, மஞ்சளாகக் கிடக்கின்றன. கத்தி முனையால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை போல வருகிறது. என் சின்ன வயதில் ஊர் ஊராகப் பெட்டிகள் காலியான காலத்தில் அப்பாவும் இப்படி ஒன்றை முனையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அது வேறு. இது விஷம். விஷம் குடித்த ஈ ஊட்டினால் புழுவும் சாகத்தானே செய்யும்.

டிசம்பர் 22, ஞாயிறு

எங்கேயும் ஸ்டார் தொங்குகிறது. வீட்டில் நான் இன்னும் தொங்கவிடவில்லை. டென்னிசன் கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் கை கொடுத்துக்கொண்டு நிற்கும்போது லீலா மைனி நேரே என்னிடம் வந்தாள்.

"ரோஸ்லெட்டு, நல்ல நாளும் அதுவுமா சொல்லுகேன். ஒரு நிமிஷம் கேளு. நீ புதுசா ஒரு கூட்டம் பிடிச்சியே..."

அதற்குள் எல்லாம் வேவு பார்த்து வைத்திருக்கிறாள்! நான் கையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து அவள் நம்பரை போனில் பிளாக் செய்தேன். டென்னிசன் கேக்கை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கேக் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

பாதி வரிசை காலி. சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைவர், "லீலாவா? அப்பிடிப்பட்டவ இல்லியே" என்றார். "அப்போ நான் பொய் சொல்லுகேனா?" என்றேன். இல்லை இல்லை என்று கையைப் பிசைந்தார். பயிற்சி எடுக்க என்னை விட்டால் அவருக்கு ஆள் கிடையாது.

ஜனவரி 12, ஞாயிறு

சங்கக் கூட்டம். ஹால் நிறைய ஆட்கள்.

நான் எழுந்து சொன்னேன். கவர், பொடி, அவள் குனிந்து நின்றது, அவள் பக்கம் ஒன்றும் சாகாதது, எல்லாம். நிதானமாகத்தான் சொன்னேன். வகுப்பில் பேசிப் பழகின வாய். சொல்லச் சொல்ல முகங்கள் அவள் பக்கம் திரும்புவது எனக்கே தெரிந்தது.

லீலா மைனிக்குப் பேசத் தெரியாது என்றில்லை. கடைத்தெருவில் அவள் வாய்க்கு எதிர் நிற்க ஆள் கிடையாது. இன்று ஏனோ எழுந்ததும் குரல் நடுங்கியது. முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் இவளுக்க பெட்டி முன்னால இருந்து பெறக்கினது இதுதான். திறந்து பாருங்க. விஷமில்ல, புழு. ரோஸ்லெட்டு, நீ உனக்க பெட்டியைத் தெறந்து புழுவைப் பாரு. மனுசரைப் பாக்காண்டாம்."

ஹாலில் முணுமுணுப்பு. தலைவர் பொட்டலத்துக்குக் கை நீட்டினார். நான்தான் தடுத்தேன். "அவ கொண்டாந்ததை அவளே சாட்சியா வெச்சா எப்பிடி? எங்கிருந்து எடுத்ததோ! எனக்குப் புழு பாக்க இவ சொல்லித் தரணுமா?" என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பொட்டலம் மேசையில் அப்படியே கிடந்தது. கூட்டம் முடிந்ததும் ஹால் பெருக்குகிறவள் குப்பையோடு அள்ளிப் போட்டாள்.

நியாயம் கிடைத்துவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயிலில் நின்றதாக இருக்கும்.

ஜனவரி 16, வியாழன்

சுகுமாரன் போன் செய்தார். சங்கத்தில் இத்தனை பேர் சொன்ன பிறகு எஸ்டேட்டுக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சனிக்கிழமைக்குள் அவள் பெட்டிகளை எடுக்க வேண்டும். "மேல்சரிவை நீங்களே எடுத்துக்கிடலாம்" என்றார்.

"பாக்கலாம்" என்றேன். போனை வைத்தேன்.

ஜனவரி 18, சனி

போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

பெட்டி மாற்றுவதென்றால் சாயங்காலம் ஈ அடைந்த பிறகு வாசலை அடைத்து, விடியும் முன்னே புது இடத்தில் இறக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்த மினி லாரிக்காரன் பகலில்தான் வருவேன் என்றிருக்கிறான். நல்ல வெயிலில், பாதி ஈ வெளியே போயிருக்கும்போதே ஏற்றினார்கள். கூலிக்கு வந்த இரண்டு பேரும் பழக்கமில்லாதவர்கள். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கை நழுவி விழுந்தது. அடைகள் உடைந்து, புழுவும் தேனும் மண்ணும் ஒன்றாகக் குழைந்தன. லீலா மைனி மண்ணில் உட்கார்ந்து வெறும் கையால் ராணியைத் தேடினாள். கொட்டக் கொட்டத் தேடினாள்.

மேல்சரிவில், வெளியே போய்த் திரும்பி வந்த ஈக்கள் பெட்டி இல்லாத வெற்று இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

டென்னிசனிடம் சொன்னேன். "பாக்கவா போனே?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

இனி நிம்மதி. ரப்பர் இலை எல்லாம் கொட்டிவிட்டது. காடே வெளிச்சமாக இருக்கிறது. மிச்சமிருக்கும் பெட்டிகள் தேறிக்கொள்ளும். நல்லதாகத் தெரிந்த மூன்றை வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜனவரி 27, திங்கள்

வரிசையில் இன்னும் ஒன்று காலி. போகும் முன்னே அவள் போட்ட மருந்தின் மிச்சமாக இருக்கலாம்.

ஜனவரி 30, வியாழன்

அவள் ஆள் வைத்திருக்கலாம். பால் எடுக்கிறவர்களில் ஒருத்தி அவளுக்குத் தூரத்து உறவு.

பிப்ரவரி 1, சனி

மாடியில் இருந்த பெட்டி.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு யாரையாவது கண்டுபிடித்துவிடுவேன்.

மாடிக்கு யாரும் வர முடியாது. படிக்கதவின் சாவி என் இடுப்பில். அங்கே சுண்ணாம்பும் இல்லை, லீலா மைனியும் இல்லை, பால் எடுப்பவளும் இல்லை. இருந்தும் அங்கே புழு மல்லாந்து கிடக்கிறது. நேற்று காலையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ செத்த புழுவை இழுத்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து கீழே தள்ளியது. அதைக் கையில் எடுத்தேன். பொட்டலத்தில் அவள் கொண்டுவந்தது இதைத்தான். எறும்புக்கு முந்தி அவள் பொறுக்கியிருக்கிறாள், எனக்குக் காட்ட.

பிறகு எஸ்டேட்டுக்குப் போய் எல்லாவற்றையும் திறந்தேன். முதன்முதலாக, யார் செய்தார்கள் என்று நினைக்காமல் திறந்தேன். வரிசையின் நடுவில், அங்கே நிற்கிற ஒரு பலா நிழலில் இருக்கிற இரண்டு பெட்டி மட்டும் சுத்தமாக இருக்கிறது. முத்துக் கோத்தது போலப் புழு. அந்த இரண்டுக்கும் நான் அடை கொடுக்கவுமில்லை, அவற்றிலிருந்து எடுக்கவுமில்லை. பலாவில் குளவிக்கூடு இருந்ததால் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் கை படாத இரண்டும் பிழைத்தன. என் கை பட்டதெல்லாம் போயிற்று.

கல்லறைச் சுவருக்குப் பின்னால் பிடித்த கூட்டத்தோடு வந்த புழு நோய் இது. என் கத்தியோடு பரவியது. காப்பாற்றுகிறேன் என்று பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் ஊட்டினேன். இதற்கு மருந்து கிடையாது என்று எனக்குத் தெரியும். பரவாமல் பார்ப்பது ஒன்றுதான் வழி என்றும் தெரியும். வகுப்பில் நான் கரும்பலகையில் படம் வரைந்து காட்டுகிற புழு இது. டிசம்பரிலேயே தெரிந்தது. தெரியவில்லை என்று இருந்துகொண்டேன். நான் தப்பு செய்வேன் என்பதைவிட அவள் விஷம் வைப்பாள் என்பது நம்ப எளிதாக இருந்தது.

டென்னிசனிடம் சொன்னேன். அவர் வேன் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "நான் அன்னைக்கு லீலா மைனி வீட்டு முக்குல வேனை நிறுத்தினது என்னத்துக்குத் தெரியுமா? அவங்க கூப்பிட்டாங்க. உனக்கு எப்பிடிச் சொன்னா நீ கேப்பேன்னு கேட்டாங்க" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கே தெரியாதுன்னேன்."

பிப்ரவரி 6, வியாழன்

நோய் கண்ட அடைகளை எல்லாம் குழி வெட்டி எரித்தேன். மெழுகு எரிகிற வாசனை நல்ல வாசனை. அதுதான் தாங்க முடியவில்லை. காலிப் பெட்டிகளைச் சோடாக்காரத்தில் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். கத்தியைத் தணலில் காட்டினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

லீலா மைனி வீட்டுக்குப் போனேன். டென்னிசன் கொண்டு விடவா என்றார். நடந்தே போனேன். வழியில் நாலு இடத்தில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

அவள் தென்னைக்கு அடியில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மைனி, தப்பு எனக்கது."

"ம்."

"புழு நோய்தான். நான் பிடிச்ச கூட்டத்துல இருந்து வந்தது."

"அதைத்தானே சொல்ல வந்தேன்." ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். "உனக்க ஈ எனக்க பக்கமும் வரும்லா. எனக்கும் ரெண்டு பெட்டியில கண்டுச்சு. அன்னைக்கே எரிச்சுப் போட்டேன். உனக்க பெட்டிக்குக் கீழ விழுந்து கெடந்ததை ஓடையில அடிச்சிட்டுப் போகாண்டாம்னு சுண்ணாம்பு தூவினேன். நீ பேச விட்டாத்தானே!"

"கூட்டத்துல..."

"கூட்டத்துல சிரிச்சாங்க." முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "எட்வின் செத்த அன்னைக்குக்கூட நான் அப்பிடித் தனியா நிக்கல்ல, ரோஸ்லெட்டு. எல்லாரும் இருந்தாங்க அன்னைக்கு. நீயும் இருந்தே."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்று தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

"எத்தனை பெட்டி மிச்சம் மைனி?" என்று கேட்டேன்.

"எண்ணிச் சொல்லி என்ன ஆகப்போகுது. பாதிக்கு மேல ஓடிப் போச்சு. அங்க கொண்டு வெச்ச எடத்துல ஒரு பூ கெடையாது." எழுந்து ஓலையைக் கட்டினாள். "மன்னிப்பு கேக்க வந்தியானா கேட்டாச்சு. வீட்டுக்குள்ள கூப்பிட எனக்கு மனசு வரல்ல. நீ போ."

வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கக் கூட்டத்தை நானே கூட்டச் சொன்னேன். தன்னிடம் தனியாகச் சொன்னால் போதாதா என்றார் தலைவர். எல்லோரும் இருக்கும்போது சொன்னதை எல்லோரும் இருக்கும்போதுதானே திருப்பி எடுக்க முடியும்.

நோய் கண்ட அடை ஒன்றை இதற்காகவே கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தேன். மேசைமேல் வைத்தேன். "லீலா மைனி கொண்டாந்தது இதுதான். அன்னைக்குத் திறக்க விடாதது நான். அவங்க விஷம் வைக்கல்ல. நோயைக் கொண்டாந்தது நான், பரப்பினது நான், பழி போட்டதும் நான்" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மீதியெல்லாம் மறந்துவிட்டது.

பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள். போன வருஷம் என்னிடம் பயிற்சி எடுத்தவள். "அக்கா, நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் நாங்க அன்னைக்கு அவங்களைப் பாத்துச் சிரிச்சோம். இனி நீங்க சொல்லுகதை எப்பிடி நம்ப?"

"நம்பாண்டாம். திறந்து பாத்துக்கிட்டு நம்புங்க" என்றேன். புத்திசாலித்தனமாகச் சொல்லவில்லை. பட்டதைச் சொன்னேன்.

பயிற்சியை இந்த வருஷம் வேறு ஆள் எடுக்கட்டும் என்று முடிவாயிற்று. தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கை தூக்கியவர்களில் நானும் உண்டு.

லீலா மைனி கூட்டத்துக்கு வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சுகுமாரனைப் பார்த்தேன். முதலாளியையும் பார்த்தேன். மேல்சரிவு லீலா மைனிக்குத்தான் வேண்டும் என்றேன். "முதல்ல ஒண்ணு சொல்லுகீங்க, பிறகு ஒண்ணு சொல்லுகீங்க" என்று முதலாளி எரிந்து விழுந்தார். கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் சரி என்றார்.

சுகுமாரன் அவளுக்குப் போன் செய்தார். "துரத்தின எடத்துக்கு வர மாட்டேன்" என்று வைத்துவிட்டாளாம். அருமனைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். மேல்சரிவு சும்மா கிடக்கிறது. வெயில் நன்றாக விழுகிறது. என் இரண்டு பெட்டியும் பலா நிழலிலேயே இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

தளிர் விட்டுவிட்டது. காடெல்லாம் செம்பு நிறம். என் இரண்டு பெட்டியும் நிறைந்து வழிகின்றன. இந்த ராணிகளின் வம்சம் நோய்க்குத் தாக்குப் பிடிக்குமோ என்னவோ. வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை, ஈக்குப் புகை போடுகிற என் புகைக்குழலைக் காணவில்லை. தேடும்போதே மனசு ஒரு பெயரைச் சொல்லிவிட்டது, பால் எடுக்கிற அந்தப் பெண்ணின் பெயரை. எவ்வளவு வேகம்! அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய் அவளிடமே, "எனக்க புகைக்குழலைப் பாத்தியா மக்களே?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "பாக்கலியே அக்கா, தேடுவோமா?" என்று கூட வந்து தேடினாள். கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று இப்போதும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

லீலா மைனிக்கு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, தனியாகவே தேன் எடுக்கிறாள் என்று டென்னிசன் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, தோசைக்கல்லைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து பஸ் பிடித்து அந்த அருமனைத் தோட்டத்துக்குப் போனேன். கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள்.

தேன் சுற்றுகிற எந்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். டிரம் ஆடியது. என்னைக் கண்டதும் சுற்றுவதை நிறுத்தினாள்.

"என்ன?"

"டிரம்மைப் பிடிக்க ஆள் வேணும்லா."

மேலும் கீழும் பார்த்தாள். "எங்க இருந்து வருகே?"

"கோயில்ல இருந்து. ரெண்டு நாளா எந்தப் பெட்டியையும் தொடல்ல. சேலை துவைச்சது."

"உனக்க வாயை நம்பித் தொட விடணுமாக்கும்." வாளியைக் காட்டினாள். "முட்டி வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவு. இன்னொரு வாட்டி. நகத்துக்குள்ள. பெட்டிப் பக்கம் ஒரு அடி வைக்கப்படாது, கேட்டியா? டிரம்மை மட்டும் பிடி."

பிடித்தேன். அவள் அடைச் சட்டங்களைக் கொண்டுவந்து வைப்பாள், சுற்றுவாள், நான் பிடித்துக்கொள்வேன். மத்தியானம் வரை அப்படியே போயிற்று. தேன் டிரம் சுவரில் மழை போல அடித்துக் கீழே இறங்கியது. இந்த வருஷம் அவளுக்குக் கிடைப்பது இவ்வளவுதான், இருக்க வேண்டியதில் கால்பங்கு. ஒவ்வொரு தகரம் நிறையும்போதும் அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறந்தாள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. நான் எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"எங்க போறே?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் ஆறு பெட்டி கெடக்கு, யாரு பிடிப்பா?" வாளி மூடியில் பாதிக் கிழங்கை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணு இப்பவே சொல்லுகேன். வழியில போற எவளாவது பாத்துக் கேட்டா, கூலிக்கு வெச்சிருக்கேன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க மைனி" என்றேன்.

"கூலியும் கெடையாது."

"வேண்டாம் மைனி."

மீன்கறியில் நல்ல உறைப்பு. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் தேன்.